அறுப்பின் பண்டிகைப் பொறுப்பு உனக்கா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ!

தங்கச்சி, மாதர் சங்கச் செயலாளர் பொறுப்பு இந்த வருஷம் உன் கைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்துபோனது. ஐப்பசி பிறந்தாச்சு. இனிமேல் அறுப்பின் பண்டிகை, கல்லறைத் திருநாள், கிராம சபை, வாக்காளர் முகாம், நடுவில் புயல் மழை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தியாகதுருகத்தில் இருந்துகொண்டு இந்த மாதங்களை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எடுத்து வைத்துக்கொள்.

அறுப்பின் பண்டிகையை இன்று சபைகளில் நடத்துகிற மாதிரி முதலில் நடத்தியவர் ராபர்ட் ஹாக்கர் என்ற போதகர். 1843இல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில். அங்கே அது இலையுதிர் காலம். வயல் வேலை முடிந்து, தானியம் களஞ்சியத்துக்குப் போன பிறகு நிம்மதியாக உட்கார்ந்து நன்றி சொன்னார்கள். நம் கதை வேறு. ஐப்பசியில் சம்பா நட்டுக் களை எடுத்துக்கொண்டிருப்போம். மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கும். கரும்பு இன்னும் ஆலைக்குப் போயிருக்காது. கல்வராயன் மலையில் மட்டும் சாமை அறுப்பு நடக்கும். வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். பாதி விளைச்சல் வயலில் நிற்கும்போதே நாம் நன்றி சொல்கிறோம். அதனால் நம் ஊரில் நன்றியும் காவலும் சேர்ந்தே நடக்கணும். பீடத்தில் பூசணிக்காயை அடுக்கி, ஏலம் விட்டு, சாப்பிட்டுக் கலைந்துபோனால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

பிடி அரிசியிலிருந்து ஆரம்பி

நம் பெண்களுடைய பழைய வழக்கம் இது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக டப்பாவில் போடுவது. மிசோரம் சபைப் பெண்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இப்படிச் சேர்த்துத்தான் எத்தனையோ ஊழியங்களை நடத்தியிருக்கிறார்கள். நம் பக்கம் சில வீடுகளில் டப்பா மட்டும் இருக்கிறது, அரிசி விழுவதில்லை. நீ திரும்ப ஆரம்பித்து வை.

கணக்கு சொல்கிறேன். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொள். தினம் ஒரு பிடி என்றால் மாதம் 1,200 கிராம். முப்பது குடும்பம் சேர்ந்தால் மாதம் 36 கிலோ. யாருக்கும் கை கடிக்காது.

ஆனால் அரிசியைச் சேர்த்து வைப்பதில் பக்குவம் வேணும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி மூன்றையும் ஒரே மூட்டையில் கொட்டிவிடாதே. ஒவ்வொன்றும் வேகிற நேரம் வேறு. ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும், பந்தியில் உன் பேர்தான் கெடும். மூன்று மூட்டை வை. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வை, சுவரை ஒட்டாமல் தள்ளி வை. காய்ந்த வேப்பிலையும் நாலு மிளகாய் வற்றலும் போட்டால் வண்டு அண்டாது. வாங்கும்போது யார் வீட்டு அரிசி எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லாதே. நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

பீடமும் ஏலமும்

அலங்காரத்துக்குக் கரும்பு, வாழைத்தார், சோளக்கதிர் எல்லாம் சனிக்கிழமை சாயந்தரமே கட்டலாம். கீரை, கொத்தமல்லி, தக்காளியை ஞாயிறு காலையில் வை. ஈரக்காற்றில் ராத்திரி முழுக்க இருந்தால் அழுகிவிடும். அடியில் சாக்கு விரி. மரவள்ளிக் கிழங்கை மண்ணோடு கொண்டுவந்தால் அப்படியே வைக்கலாம், அந்த மண் நம் சேலம் ரோட்டுப் பக்கத்து வயல் மண்தானே. மலையிலிருந்து வருகிற சாமையையும் தினையையும் ஓரத்தில் ஒதுக்காமல் நடுவில் வை. அதை விளைவிக்கிறவர்கள் ஏறி இறங்குகிற தூரம் நமக்குத் தெரியாது.

ஏலத்தில்தான் பிரச்சினை கிளம்பும். முட்டை ஒன்று, எலுமிச்சை நாலு என்று காணிக்கை வைக்கிற பாட்டி இருப்பார். ஐந்நூறு தேங்காய் வைக்கிறவரும் இருப்பார். இரண்டையும் ஒரே குரலில் கூவச் சொல். ஏலம் விடுகிறவர் பேச்சில் கிண்டல் வந்தால் உடனே போதகர் ஐயாவிடம் சொல்லி நிறுத்து. சேவல் 3,000 ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் "அப்புறம் தரேன்" என்று போய்விடுவார், அடுத்த வருஷம் வரை அது ஏலப் பாக்கியாக நிற்கும். இதனால் எத்தனை சபைகளில் முகம் பார்த்துப் பேசாமல் இருக்கிறார்கள்! அன்றைக்கே பணம், அன்றைக்கே ரசீது என்று முன்கூட்டியே அறிவித்துவிடு. வரவு செலவை அடுத்த ஞாயிறு பலகையில் ஒட்டு. பெண் கணக்கு பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறவர்கள் இருப்பார்கள். பைசா பிசகாமல் காட்டு.

மதியம் ஒன்றரைக்கு மேல் ஏலத்தை இழுக்காதே. சர்க்கரை வியாதிக்காரர்கள் எழுந்து கேட்கக் கூச்சப்படுவார்கள். வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முதல் பந்தி போட்டுவிடு.

சமையலில் ஒன்றுதான் சொல்வேன், தண்ணீர். மழைக்காலத்தில் போர் தண்ணீரானாலும் குழாய்த் தண்ணீரானாலும் குடிக்க வைப்பதை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றி வை. மீதிச் சாப்பாட்டைச் சாயந்தரம் வரை மூடி வைத்துக் கொடுத்தனுப்பாதே. சூடாக இருக்கும்போதே எங்கே போகணுமோ அங்கே அனுப்பிவிடு.

தட்டு விஷயம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, கப்பு, உறிஞ்சுகுழல் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடையில் மறைத்து விற்கிறார்கள் என்பதற்காக நாம் வாங்கக் கூடாது. வாழை இலை போடு, இல்லையென்றால் பாக்குமட்டைத் தட்டு. நூறு பேருக்கு மேல் கூடுவதாக இருந்தால் மூன்று வேலை நாள் முன்னதாகவே பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடு. குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு வை. எச்சில் இலை ஒரு கூடை, மற்றது ஒரு கூடை. இளைஞர் ஐக்கியப் பையன்கள் இரண்டு பேரைக் கூடைப் பக்கத்தில் நிற்க வை. திங்கட்கிழமை காலையில் தூய்மைப் பணியாளர் வந்து நம் எச்சிலைக் கையால் பிரிக்கிற நிலை வந்தால், ஞாயிற்றுக்கிழமை நாம் பாடிய ஸ்தோத்திரப் பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

யாரை அழைக்கணும்?

வழக்கமாக ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பொன்னாடை போடுவோம். அதோடு இந்த வருஷம் நீ இவர்களையும் சேர்த்துக்கொள்: வார்டில் குப்பை அள்ளுகிறவர்கள், மழையில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன், அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார நர்ஸ், ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எந்த மதம் என்று பார்க்காதே. மேடையில் ஏற்றிப் போட்டோ எடுத்து அனுப்பிவிடவும் வேண்டாம். குடும்பத்தோடு வரச் சொல், பந்தியில் நம்மோடு உட்கார வை. கொடுக்கணும் என்றால் பயன்படுகிற பொருளாகக் கொடு. நல்ல ரெயின்கோட், கம்பூட், கையுறை. வாங்குவதற்கு முன்னால் அளவு கேட்டுக்கொள். பெண் பணியாளருக்கு ஆம்பளை சைஸ் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் அது மூலையில்தான் கிடக்கும்.

மலை மக்களைப் பற்றியும் சாராயச் சாவு வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மண். நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அரசாங்கத்தின் நேரடி நிர்வாகம் அங்கே ஏறியது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து, அங்கே ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏன் இன்னும் ஒழுங்காக இல்லை என்று கேட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தச் சாவு வீடுகளில் தாயும் தகப்பனும் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு அரசு மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. பணம் அறிவித்தால் மட்டும் போதுமா? பேங்க் கணக்கு, சாதிச் சான்று, டி.சி. என்று ஒவ்வொரு ஆபீசுக்கும் கூடப் போக ஒரு பெரியவர் வேணும். பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி, நம் சங்கத்தில் நேரம் இருக்கிற இரண்டு அக்காமார்களை அனுப்பு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போனால் பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போகாதே. அவர்கள் சாமையை நல்ல விலைக்கு வாங்கு. அதுதான் மரியாதை.

மழையை எதிர்பார்த்தே திட்டம் போடு

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறி, நகராமல் நின்று கொட்டியது உனக்கு மறந்திருக்காது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து திருக்கோவிலூர், மணலூர்பேட்டைப் பக்கம் வீடு புகுந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மூன்று மாவட்டத்துக்கும் ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள்.

அதனால் பண்டிகையில் வருகிற அரிசி முழுவதையும் ஏலம் விட்டுவிடாதே. இரண்டு மூட்டையாவது டிசம்பர் பாதி வரை எடுத்து வை. வெள்ளம் வந்த வீட்டுக்கு அரிசியாகக் கொடுத்துப் பயன் இல்லை, அடுப்பு நனைந்திருக்கும். சமைத்துக் கொண்டுபோ. கோயில் ஹால் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருத்தர் பெண்ணாக இருக்கட்டும். ராத்திரியில் ஒரு குடும்பம் வந்து நின்றால் அட்டையையும் பெயரையும் கேட்காமல் கதவைத் திற. மின்சாரம் போனால் மின்னகம் எண் 94987 94987. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டு. 108 பக்கத்திலேயே இதுவும் இருக்கட்டும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஆர்.சி. கோயில்காரர்கள் பெரிதாகச் செய்வார்கள், நம்மவர்களும் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றப் போவார்கள். பூ வைக்கக் கண்ணாடி டம்ளர், பிளாஸ்டிக் கப்பு, அறுத்த தண்ணீர் பாட்டில் என்று வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த வாரம் மழை பெய்து எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் நிற்கும். டெங்கு கொசுவுக்கு அதுதான் வேணும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்துபோன பாத்திரத்திலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவணும். ஈர மணலில் பூவைச் சொருகி வைக்கச் சொல். நவம்பர் 9க்குள் ஒரு சாயந்தரம் நாலு பேரோடு போய்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வா. பூத்தொட்டி, தேங்காய் ஓடு, கோயில் மாடியில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றையும் பார். வாரம் ஒரு நாள் என்று வழக்கமாக்கிவிடு.

கிராம சபையும் வாக்காளர் பட்டியலும்

"கோயிலுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று உன்னைக் கேட்பார்கள். நம் வட்டாரத்துச் சபை வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1860களில் டேனிஷ் மிஷன் இந்தப் பக்கம் வந்து, அதிலிருந்துதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டித்தான் அவர்கள் ஊழியம் செய்தார்கள். அந்த மிஷனில் வந்த எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண் திருக்கோவிலூரில் வேலை பார்த்தார். காந்தியிடம் அவர் கொண்ட அன்பு மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, அவரும் விடவில்லை. அவருக்கு முன்பே வந்திருந்த ஆன் மரி பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார், அதற்கு 1921இல் காந்தியே அடிக்கல் நாட்டினார். ஜெபமும் நாட்டுக் கடமையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அந்தப் பெண்கள் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டியதில்லை.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பண்டிகை சமயத்தில் தேதி தள்ளிப் போகும், 2025இல் அக்டோபர் கூட்டம் 11ஆம் தேதிதான் நடந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து நம் சபைக்கு வருகிற குடும்பங்களுக்கு முந்தின ஞாயிறே அறிவிப்பு கொடு. தியாகதுருகம் பேரூராட்சிக்குள் இருக்கிறவர்களுக்குக் கிராம சபை கிடையாது. 2022 முதல் பகுதி சபை கூட்டுகிறார்கள், வார்டு உறுப்பினரிடம் தேதி கேட்டு வாங்கு. போகும்போது கோரிக்கையை ஒரே ஒரு விஷயமாக எழுதிக்கொண்டு போகச் சொல். ஏரி வரத்து வாய்க்கால் அடைப்பா, தெருவிளக்கா, இடுகாட்டுப் பாதையா, ஏதாவது ஒன்று. தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வெறும் பக்கத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடக் கூடாது. பெண்கள் தனியாகப் போகத் தயங்கினால் நாலைந்து பேராகச் சேர்ந்து முன்வரிசையில் உட்காருங்கள்.

வாக்காளர் பட்டியல்தான் எனக்கு ரொம்பக் கவலை. 2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுக்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு, இடம் மாறினவர்கள் என்று காரணம் சொன்னார்கள். நம் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேர் பிழைப்புக்குத் திருப்பூர், பெங்களூர் என்று போகிறவர்கள். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கோ பெயர் அம்மா வீட்டிலும் இருக்காது, இங்கேயும் ஏறியிருக்காது. மருமகளுக்கு ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கிற அவசரம் ஓட்டுக்கு ஏன் இல்லை?

முகாம்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் நேராக வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றவும் திருத்தவும் படிவம் 8. பதினேழு வயசு முடிந்த பிள்ளைகளே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஓய்வுநாள் பள்ளிப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை இந்த வேலையில் இறக்கு, செல்போனில் பெயர் தேடிப் பார்க்க அவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். சந்தேகத்துக்கு 1950. யாருக்கு ஓட்டு என்று மட்டும் கோயில் வளாகத்தில் ஒரு வார்த்தை வரக் கூடாது. வழிபாட்டு இடத்தில் பிரசாரம் செய்வது தேர்தல் நடத்தை விதிக்கு விரோதம். வேட்பாளர் பண்டிகை விருந்துக்கு அரிசி மூட்டை கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பு.

ஒரே பந்தி

கடைசியாக எழுதுகிறேன் என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதே. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர் நம் கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். பழைமையான ஜெபமாலை மாதா கோயில் இருக்கிற ஊர். அங்கே கோயிலில் தனி இடம், சவ ஊர்வலத்துக்குத் தனிப் பாதை, தனி இடுகாடு என்று தலித் கிறிஸ்தவர்கள் பல வருஷம் குமுறினார்கள். தனிப் பங்கு வேணும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக வெடித்து, அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்குள் நடந்தது இது. நாம் வேறு சபை என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் சபைகளிலும் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் கடைசிப் பந்தியில் உட்காருகிறார்கள் என்று நின்று கவனித்துப் பார். பெயர் சொல்லாமலேயே ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும்.

அதை உடைக்க உனக்கு அதிகாரம் இருக்கிறது. பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் பட்டியலைச் சீட்டுக் குலுக்கிப் போடு, எந்தத் தெருக்காரருக்கும் நிரந்தரமாக ஒரு வேலை என்று இருக்கக் கூடாது. சமையல் யார் கை என்று யாராவது முகம் சுளித்தால், எல்லார் முன்னாலும் நீயே முதல் வாய் எடுத்துச் சாப்பிடு. கல்லறைத் தோட்டத்துக்குள் வரப்போ வேலியோ இருந்தால் சபை மன்றத்தில் பேச்செடு. பெரியவர்கள் கோபப்படுவார்கள், நாலு வாரம் உன்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை, அக்கா நான் கூட நிற்கிறேன்.

வருகிற மாதர் சங்கக் கூட்டத்தில், சாம்பாரா பிரியாணியா என்று பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்த இரண்டு தீர்மானத்தையும் எழுதி வாசித்துக் கையெழுத்து வாங்கிவிடு: நம் சபைக்கு ஒரே பந்தி, ஒரே கல்லறைத் தோட்டம்.